மரகதத்தின் மேசைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

செருப்பை வெளியிலயே விடுங்க. கேட்டைச் சாத்தினீங்களா? போய்ச் சாத்திட்டு வாங்க, நாய் வந்துரும். போன்ல பேசின ஆளு நீங்கதானுங்களா, ஸ்பீக்கருக்கு? நெனச்சேன். போன்லயே வாய்க்குள்ள முனகினீங்க, நேர்லயும் அப்படித்தான் இருக்கறீங்க. இந்தக் காலத்துல எவனுக்கும் வாயைத் தொறந்து பேசத் தெரியறதில்லைங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது அவளுது. இதுல உக்காருங்க, எனக்கு நேரா. மூஞ்சியப் பாத்துப் பேசினாத்தான் எனக்குப் பேச்சு. அது மில்லுப் பழக்கம்.

அதா பாருங்க, மேசை மேல கறுப்பா ரெண்டு நிக்குது. தொடாதீங்க. தொட்டுப் பாக்கறது, விலை பேசறது எல்லாம் அப்புறம். மொதல்ல எதுக்கு விக்கறேன்னு கேட்டுக்குங்க. நேத்து ஒருத்தன் வந்தான், வந்ததும் வராததுமா "ரிப்பேருங்களா"ன்னு கேட்டான். கெளம்புடான்னு சொல்லிட்டேன். பொருள்ல ஒரு குத்தமும் இல்லைங்க. குத்தமெல்லாம் மனுசங்க மேல.

எம்பேரு நாச்சிமுத்து. ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த மில்லுன்னு கேக்காதீங்க, இப்ப அந்த எடத்துல அபார்ட்மெண்ட் நிக்குது. என்ற சம்சாரம் பேரு மரகதம். பாட்டு டீச்சர். தை மாசத்துல பொள்ளாச்சிக்கு அவ தங்கச்சி ஊட்டுக்குப் போனவ, இன்னும் வரலை. நான் போன் பண்ணினா அந்தத் தங்கச்சிக்காரி அம்சவேணிதான் எடுக்கறா. "மாமா, அந்த ஸ்பீக்கரு அந்த மேசைல இருக்கற வரைக்கும் அக்கா வரமாட்டாங்க"ன்னு போன்ல கத்தறா. எப்படி இருக்குது பாருங்க. கட்டினவன் இருக்கற ஊட்டுக்கு வர்றதுக்கு ஸ்பீக்கரு தடையா இருக்குதாம்.

அதுக்காக விக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. அவ வரணும்னு நான் யாரு காலுலயும் விழப்போறதில்ல. மேசை காலியாகட்டும்னு விக்கறேன். காலியான மேசைக்கு அவ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ஆனா வந்துருவா. சாக்கு ஒண்ணு இருந்துது, அதையும் இன்னிக்குத் தூக்கிக் குடுத்தர்றேன். அப்புறம் என்ன சொல்லுவான்னு பாக்கறேன்.

என்ன? தண்ணியா? அந்தப் பக்கம் திரும்பிட்டுக் கேட்டா எப்படிங்க தெரியும். பானை சமையக்கட்டுல இருக்குது, நீங்களே மோந்து குடிங்க. அவ இல்லாத ஊட்டுல உபசாரம் எல்லாம் கெடையாது.

குடிச்சாச்சா. சரி, கேளுங்க. கொரோனா வந்துதில்லைங்களா, அப்பப் புடிச்ச கெரகம் இது. அதுக்கு முன்னால தெருக் கொழந்தைக நாலஞ்சு வந்து பாயில உக்காந்து பாடிட்டுப் போகும். அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டர்னு ஆயிப்போச்சு. தையல் மெஷினைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, அந்த மேசைல கம்ப்யூட்டரை வெச்சா. பாருங்க, எவ்வளவு அகலம்? ஒரு ஜாக்கெட்டு விரிச்சா ரொம்பிப் போற மேசை. அதுல மானிட்டரு, சுருதிப் பெட்டி, திருநீறு டப்பா, ஒரு சொம்பு தண்ணி. மெல்போர்ன்ல மிருதுளான்னு ஒரு கொழந்தை. நம்ம ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம்தான். அதுதான் இவளுக்கு உசுரு. மத்தியானமானா அது அங்கிருந்து பாடும், இவ இங்கிருந்து திருத்துவா.

ஒரு நாள் எங்கிட்ட வந்து சொல்லறா: "ஏனுங்க, மானிட்டர்ல வர்ற சத்தம் தகரமாட்ட இருக்குது. கொழந்தை சுருதி சேந்து பாடறாளா, கீழ பாடறாளான்னே புரியலை. மேசைக்குன்னே குட்டியா ஸ்பீக்கரு வருதாம். மானிட்டருக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. டம்ளர் ஒசரம் இருந்தாப் போதும். காதுக்கு நேரா நிக்கணும். இடி முழக்கமெல்லாம் வேண்டாம், கொழந்தை கொரலு சுத்தமா வந்தாச் சரி." அந்த மிருதுளாவோட அப்பன் படம் வேற அனுப்பியிருந்தான், இது வாங்குங்கன்னு. இவ கிளாஸ் காசுலயே வாங்கிக்கறேன்னு சொல்லறா.

எனக்கு வந்துது பாருங்க கோவம். மெல்போர்ன்ல இருக்கறவன் எம்மேசைக்கு ஸ்பீக்கரு சொல்லறானா? மிஷினோடயே பொழைச்சவன் ஊட்டுல உக்காந்திருக்கறேன், எங்கிட்ட ஒரு வார்த்தை, எது வாங்கலாம்னு கேட்டாளா? வாங்கட்டுமான்னு கேட்டா. அது வேற, இது வேற. நீ கம்முனு இரு, நான் பாத்து வாங்கியாரேன்னு சொல்லிட்டு காந்திபுரத்துக்கு பஸ் ஏறிட்டேன்.

பெரிய கடை. ஏசி போட்டிருந்தான். சேல்ஸ்மேன் ஒருத்தன் டம்ளர் ஒசரத்துல ஒரு ஜோடியக் கொண்டாந்து வெச்சான். வெள்ளையா, கோழி முட்டையாட்ட. வெச்சுட்டு என் மூஞ்சியவே பாக்கறான். நானும் பாக்கறேன். "போடு"ன்னேன். "போட்டிருக்கறனுங்க சார்"ங்கறான். போட்டிருக்கறானாமா. ஒண்ணுமே வரலை. "சத்தம் வெய்யி"ன்னேன். வெச்சான். அக்கட்ட பிரிட்ஜ் பாத்துட்டு இருந்த ஒரு அம்மா காதைப் பொத்திட்டுத் திரும்பிப் பாத்துச்சு. கடைக்காரங்களோட சேந்தவளா இருக்கும், நடிக்கறதுக்குன்னு நிறுத்தி வெச்சிருப்பாங்க. நான் ஏமாறுவனா? ஸ்பீக்கரு மேல கையை வெச்சேன். ஒரு அதிர்வு இல்ல. செத்த எலியாட்டக் கெடந்துது.

தம்பி, கை பொய் சொல்லாதுங்க. நூல் நூக்கற ரிங் ஃப்ரேம் மிஷின் ஓடிட்டு இருக்கறப்ப எந்த பேரிங் போகப்போகுதுன்னு நான் கை வெச்சுச் சொல்லுவேன். காதுல கேட்டா கண்டுபுடிக்க முடியும்? அந்த டிபார்ட்மெண்டுல பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் கேக்காது. எல்லாம் கை சாடை, வாய் அசைவுதான். நீங்க இப்ப மனசுக்குள்ள என்ன நெனக்கறீங்கன்னு உங்க ஒதட்டைப் பாத்தே சொல்லிருவேன். பஞ்சை வெச்சுக் காதை அடைச்சுக்கங்கன்னு மேனேஜ்மெண்டுல சொல்லுவாங்க. அதெல்லாம் புதுசா வந்த பொண்டு பொடுசுகளுக்கு. நான் ஒரு நாள் வெச்சதில்ல. ரிட்டயர் ஆகற வரைக்கும் வெச்சதில்ல. இன்னிக்கும் என்ற காது பாம்புக் காது.

அதனால கை வெச்சுப் பாத்தே வாங்கினேன். மொதல்ல வாங்கினது வூஃபர் வெச்சது. ரெண்டு சின்னது, ஒண்ணு பொட்டி. பொட்டிய மேசைக்கு அடியில தள்ளினேன். அவ கால் வெக்கற எடம். ஆன் பண்ணினதும் சொம்புத் தண்ணி நடுங்குச்சு பாருங்க, எனக்கு அப்படி ஒரு சந்தோசம். இவ என்ன சொல்லறா? சுருதிப் பெட்டி லாரி உறுமறாப்பல இருக்குதாம். கொழந்தை கொரலு அதுக்குள்ள முழுகிப் போச்சாம். "எங்காலு நடுங்குது, காதுக்கு ஒண்ணும் வரலை"ங்கறா. நக்கல். என்ற நேரம். பொட்டியைத் தூக்கிட்டுப் போய்க் குடுத்து, மாத்தி இத வாங்கியாந்தேன். இதுல பொட்டி இல்ல பாருங்க. ரெண்டுதான். அவ கேட்ட மாதிரி இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

பெருசா இருக்குதா? எங்க பெருசு? கொஞ்சம் எடம் புடிக்கும், அவ்வளவுதான். மானிட்டரைக் கொஞ்சம் சன்னல் பக்கமாத் தள்ளி வெச்சேன். இவளுக்கு அதுவும் குத்தம். கேமராவுல பாதி மூஞ்சிதான் தெரியுதாம், கொழந்தை "டீச்சர், உங்க இன்னொரு கண்ணு எங்க"ன்னு கேக்குதாம். சேரைத் தள்ளிப் போட்டுக்க வேண்டியதுதான. திருநீறு டப்பாவைத் தூக்கி சன்னல்ல வெய்யி. பாட்டுக்கு ரெண்டு கண்ணும் எதுக்கு?

சரி, வாங்கியாச்சு, வெச்சாச்சு. அதோட முடிஞ்சுதா? கிளாஸ் நடக்கறப்ப நான் இங்கதான் உக்காந்திருப்பேன். நான் வாங்கின பொருளு எப்படிப் பாடுதுன்னு எனக்கு ஆசை இருக்காதா? ஒண்ணும் வராது. சுவரு மாதிரி இருக்கும். எந்திரிச்சுப் போய் அந்தக் குமிழைத் திருகி வெப்பேன். வந்து உக்காருவேன். அவ கொறைச்சுருவா. மறுபடி போய் வெப்பேன். மறுபடி கொறைப்பா. நான் வெச்சா உடனே "ஊ"ன்னு ஒரு ஊளை வருமாம், கொழந்தை பாடறது அதுக்கே திரும்பிப் போகுமாம். அது இண்டர்நெட்டுக் கோளாறு. அதுக்கு எம்மேல பழி. மேல்மாடில குடியிருக்கறவங்க எறங்கி வந்து, "ஐயா, கொஞ்சம் கொறைச்சுக்கறீங்களா"ன்னு கேக்கறாங்க. வாடகைக்கு இருக்கறவனுக்கு வாய் பாருங்க.

இதுல ஒண்ணு கவனிச்சுக்குங்க. அந்தக் கொழந்தைகிட்ட பேசறப்ப மரகதம் எப்படிப் பேசுவாங்கறீங்க? கண்ணு, சாமின்னு, ஒதடே அசையாத மாதிரி, அவ்வளவு மெதுவா. பால்காரன்கிட்ட மெதுவா. தங்கச்சிகிட்ட மெதுவா. எங்கிட்ட மட்டும் தொண்டை கிழியக் கத்துவா. "சோறு போடட்டுமா"ங்கறதையே சண்டைக்கு வர்ற மாதிரிதான் கேப்பா. பக்கத்து ஊட்டுல என்ன நெனப்பாங்க? ஊரு ஒலகத்துக்கெல்லாம் தேன், கட்டினவனுக்கு மட்டும் கத்தல். எத்தனையோ வருசமா இப்படித்தான். நானும் பொறுத்துட்டுத்தான் இருந்தேன்.

என்ன சிரிக்கறீங்க? சிரிக்கலையா? மூஞ்சி அப்படித்தானா. சரி.

அப்புறம் ஒரு நாள் பாத்தா, காதுல ஒயரைச் செருகிட்டு உக்காந்திருக்கறா. இயர்ஃபோனு. நான் ரெண்டு தடவை கடை ஏறி எறங்கி, பஸ்ல மடியில வெச்சுக் கொழந்தையாட்டத் தூக்கிட்டு வந்த பொருளு மேசைல மொழு மொழுன்னு நிக்குது, அதுக்கு நடுவுல உக்காந்துட்டு இவ காதுல ஒயரு. யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவான்? நாச்சிமுத்து வாங்கினது ஒதவாதுன்னுதான சொல்லுவான்? ரெண்டு தடவை சொன்னேன், கழட்டுன்னு. கேக்கலையா, கேக்காத மாதிரி இருந்தாளா, தெரியலை. காதுல ஒயரு இருந்தா மனுசன் சொல்லறது எங்க கேக்கும்?

போய்ப் புடுங்கிட்டேன். ஆமாங்க, புடுங்கினேன். என்ன அப்படிப் பாக்கறீங்க? ஒயரைத்தான புடுங்கினேன், காதையா புடுங்கினேன்? ஊட்டுல பேசறது கேக்கணும்ல. கொஞ்சம் சத்தமாவும் பேசிட்டேன். மானிட்டர்ல அந்தக் கொழந்தை மூஞ்சிய நான் பாத்தேன், வாயைத் தொறந்தபடி அப்படியே நின்னு போச்சு. கொழந்தைன்னா கொஞ்சம் பயப்படத்தான் செய்யும். எங்கப்பன் போடாத சத்தமா? மரகதம் என்னத் திரும்பிக்கூடப் பாக்கலை. கேமராவை நிறுத்தினா, நான் ரூமை விட்டு வெளிய வந்தேன், அவ கிளாஸை முடிச்சா, மறுநா காலைல பொள்ளாச்சி பஸ். போறப்பவாச்சும் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கம்முனு போயிட்டா. அவ கம்முனு போனது எனக்குத் தாங்கலைங்க. கத்தினாக்கூடப் பழக்கம்.

விடுங்க. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம். போட்டுக் காட்டறேன், வாங்க. இப்படி மேசைகிட்ட வாங்க.

இது அன்னிக்கு எடுத்த கிளாஸுங்க. எல்லாக் கிளாஸையும் அவ கம்ப்யூட்டர்லயே பதிவு பண்ணி வெப்பா, கொழந்தைக திரும்பப் போட்டுப் பாடிப் பழகறதுக்கு. டெஸ்டுக்கு இத விட நல்லது கெடையாது. பாட்டு இருக்குது, பேச்சு இருக்குது, சுருதிப் பெட்டி இருக்குது. ம், வருது பாருங்க. ஏனுங்க காதைப் பொத்தறீங்க? நீங்களும் கடைல காதைப் பொத்தின அந்த அம்மாவோட சேந்தவரா? கையை எடுங்க. இது கொழந்தை பாடறது. இது மரகதம் எடுத்துக் குடுக்கறது. இப்ப நான் வருவேன் பாருங்க. "கழட்டுடி அதை." கேட்டுச்சா? ரூமுக்கு வெளிய இருந்து பேசினது, எவ்வளவு சுத்தமா வருது. அது என்ற கொரலு. அந்தத் துணி கிழிஞ்சாப்பல கேக்குது பாருங்க, அது ஒயரு. அப்புறமும் நான்தான். இதெல்லாம் கண்ணாடியாட்ட இருக்குது. இப்படிப்பட்ட ஸ்பீக்கரை விக்கறனேன்னு எனக்கே வயிறு எரியுது.

இங்க இருந்துதான். இருங்க, சத்தம் இன்னும் வெக்கறேன். வேண்டாமா? சரி, நீங்க வேணும்னா தள்ளி நில்லுங்க. இந்த எடத்துல பதிவு சரியில்லைங்க. கேமராவை நிறுத்தினதுக்கு அப்புறம் அவ என்னமோ சொல்லறா, சத்தத்தைக் காட்டற கோடு ஏறி எறங்குது பாருங்க ஸ்கிரீன்ல. படம் இருந்தா ஒதட்டைப் பாத்தே சொல்லிருவேன். படமில்ல. தெனமும் போட்டுப் பாக்கறேன், இந்த எடம் மட்டும் வர்றதில்ல. என்ன சொல்லறா? அவ என்ன சொன்னாங்கறது எனக்கு முக்கியமில்ல, புரிஞ்சுக்குங்க. சின்னச் சத்தத்தையெல்லாம் இந்த ஸ்பீக்கரு காட்டுதா இல்லையான்னு டெஸ்ட் பண்ணத்தான் கேக்கறேன். வாங்கறவரு நீங்க, நீங்கதான சொல்லோணும்.

ஏனுங்க தலையக் குனியறீங்க? நிமுந்து சொல்லுங்க. "பயப்படாத கண்ணு." சரி. அது சொல்லியிருப்பா, அது எனக்கே தெரியும். "உன்னையத் திட்டலை." சரி. அப்புறம்? சத்தமாச் சொல்லுங்க, ஆம்பளையாட்ட. "தாத்தாவுக்கு." தாத்தாவுக்கு என்ன? விட்டு விட்டுச் சொன்னா எப்படி? "தாத்தாவுக்குக் காது கேக்காது."

யாரு தாத்தா? ஓ.

சொல்லுங்க. நிறுத்தாதீங்க, மிச்சத்தையும் சொல்லுங்க. "மில்லு சத்தத்துல போயிருச்சு. நான் அவருகிட்டச் சொன்னதே இல்ல. சொன்னா ஒடைஞ்சு போயிருவாரு. நீயும் யாருகிட்டயும் சொல்லாத, சாமி."

பொய். நீங்க வெலையக் கொறைக்கறதுக்குச் சொல்லறீங்க. காது கேக்காதவன் கடை கடையா ஏறி ஸ்பீக்கரு வாங்குவானா? நீங்க பேசினதுக்கெல்லாம் நான் பதில் சொல்லலையா? இவ்வளவு நேரமா யாருகிட்டப் பேசிட்டு இருந்தீங்க, சுவத்துகிட்டயா? எந்திரிங்க. விக்கறதுக்கில்ல. கெளம்புங்க. மெல்போர்ன்ல ஒரு கொழந்தைகிட்டச் சொல்லறா, பொள்ளாச்சில தங்கச்சிகிட்டச் சொல்லியிருப்பா, மேல்மாடிக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும் தெரியக்கூடாதா? நான் என்ன ஒடைஞ்சு போறதுக்கு மண்சட்டியா?

இருங்க. எங்க போறீங்க? செருப்பு எங்கயும் போயிராது.

அதுக்கு அப்புறம் இன்னொண்ணு இருக்குது. கொழந்தை ஏதோ கேக்குது, இவ பதில் சொல்லலை. ஆனா கோடு ஆடுது பாருங்க, சின்னதா, விட்டு விட்டு. இந்த எடத்துல கையை வெச்சுப் பாத்திருக்கறேன். சிரிச்சாலும் அப்படித்தான் அதிரும், அழுதாலும் அப்படித்தான் அதிரும் போல. கைக்கு அது தெரியலைங்க. சத்தத்தை நீங்களே உங்களுக்குத் தக்கன வெச்சுக்குங்க. கொறைச்சுக்குங்க, பரவாயில்ல. கேட்டுட்டு, கிட்ட வந்து சொல்லுங்க தம்பி.